அழைத்தவர் எந்த வருகையாளர்? கண்காணிப்பு எண்கள் குறித்து ஒரு விவாத இழை

ஜூன் 2 | ஒரு வாசகரின் கேள்வி

எங்கள் இணையதளத்துக்கு வரும் ஒவ்வொருவருக்கும் வெவ்வேறு தொலைபேசி எண்ணைக் காட்டி, எந்த விளம்பரம் அழைப்பைக் கொண்டுவருகிறது என்று கண்டறியும் ஏற்பாட்டைச் செய்யவிருக்கிறோம். ஓர் எண் ஒருவருக்குத்தான் காட்டப்படுகிறது. ஆகவே அந்த எண்ணுக்கு வரும் அழைப்பு அவருடையதாகத்தான் இருக்க வேண்டும், இதில் ஐயத்துக்கு இடமே இல்லை என்பது என் கருத்து. விளம்பரத்தைச் சொடுக்கி வருபவர்கள் நெரிசலான நேரத்தில் மணிக்குச் சுமார் 40 பேர். எட்டு எண்கள் தாராளம் என்கிறார் சேவையை விற்பவர். போதுமா?

ஜூன் 2, மாலை

எட்டு போதாது. எத்தனை வேண்டும் என்பதைப் பிறகு கணக்கிடுவோம். அதற்கு முன் அந்த "ஐயத்துக்கு இடமே இல்லை" என்ற வரியைத் தட்டிப் பார்க்க வேண்டியிருக்கிறது.

நடப்பது இதுதான். பக்கத்தின் மூலத்தில் நிறுவனத்தின் உண்மையான எண்தான் எழுதப்பட்டிருக்கும். உலாவியில் பக்கம் திறந்ததும் ஒரு ஜாவாஸ்கிரிப்ட் துணுக்கு (உலாவிக்குள் ஓடும் சிறு நிரல்) ஓடி, வந்தவரை நினைவில் வைக்க உலாவியில் சேமித்த குறிப்பான குக்கீயைப் பார்த்து, சேவையாளரின் சர்வரிடம் இவருக்கென ஓர் எண்ணைக் கேட்கிறது. சர்வர் தன் தொகுப்பில் சும்மா இருக்கும் எண்களில் ஒன்றை எடுத்துக் கொடுத்துவிட்டு, இந்த எண், இந்த வருகையாளர், இந்த நேரம் முதல் என்று பதிவேட்டில் குறித்துக்கொள்கிறது. துணுக்கு, கண்ணுக்குத் தெரியும் எண்ணையும், விரலால் தொட்டால் அழைக்கும் இணைப்புக்குள் இருக்கும் எண்ணையும் மாற்றி எழுதுகிறது. பின்னர் அழைப்பு வரும்போது சேவையாளரின் கையில் இருப்பவை மூன்றுதான்: அழைக்கப்பட்ட எண், அழைத்தவரின் எண், நேரம். வருகையாளரின் குக்கீயோ அவர் சொடுக்கிய விளம்பரமோ தொலைபேசி வழியே வருவதில்லை. அழைக்கப்பட்ட எண்ணையும் நேரத்தையும் வைத்துப் பதிவேட்டைப் புரட்டி, அந்த நேரத்தில் அந்த எண் யார் பெயரில் இருந்தது என்று பார்த்து, அந்த வருகையை அழைப்போடு ஒட்டிவிட்டு, அழைப்பை உண்மையான எண்ணுக்குத் திருப்பிவிடுகிறார்கள்.

எனவே "இன்னார் அழைத்தார்" என்று இந்த ஏற்பாடு ஒருபோதும் சொல்வதில்லை. "அழைப்பு வந்த நேரத்தில் இந்த எண் இன்னார் பெயரில் இருந்தது" என்பதுடன் அதன் சாட்சியம் முடிந்துவிடுகிறது. ஓர் எண் ஒருவருக்கு என்பது ஒரு குறிப்பிட்ட கணத்தில் உண்மை. ஒரு நாள் முழுவதையும் எடுத்துக்கொண்டால் அதே எண் பல பேரின் திரைகளில் ஏறி இறங்கியிருக்கும்.

ஜூன் 3

எண்ணிக்கைக்கு வருகிறேன். ஓர் இடத்துக்குள் ஒரே நேரத்தில் இருப்பவர்களின் சராசரி எண்ணிக்கை, வரும் வேகத்தை ஒருவர் தங்கும் சராசரி நேரத்தால் பெருக்கினால் கிடைக்கும் என்பது 1961இல் ஜான் லிட்டில் நிறுவிய விதி. மணிக்கு 40 பேர் வந்து, ஒவ்வொருவரும் சராசரியாக 3 நிமிடம் தளத்தில் இருந்தால், ஒரே நேரத்தில் இருப்பவர் 2 பேர்தான். விற்பனையாளரின் எட்டு இந்தக் கணக்கிலிருந்துதான் வந்திருக்க வேண்டும். இந்த அளவில் பார்த்தால் அது தாராளம்தான்.

ஆனால் ஒருவர் பக்கத்தை மூடியதும் எண்ணைப் பிடுங்கி அடுத்தவருக்குக் கொடுத்துவிட முடியாது. எண்ணைத் தாளில் குறித்துக்கொண்டு, வீட்டாரிடம் கேட்டுவிட்டு, கொஞ்சம் யோசித்துவிட்டு அழைப்பவர்கள் எப்போதும் இருப்பார்கள். அவர்களுக்காக, கடைசியாகப் பார்த்த நேரத்திலிருந்து 30 நிமிடம் எண்ணைக் காத்துவைத்தால், ஓர் எண் ஒருவர் பெயரில் இருக்கும் நேரம் 33 நிமிடமாகிறது. 40 பேர், 33 நிமிடம்: சராசரியாக 22 எண்கள் ஒரே நேரத்தில் பயன்பாட்டில் இருக்கும்.

சராசரி 22 என்பதால் 22 எண்களை வாங்கி நிறுத்திக்கொள்வதும் சரிவராது. மனிதர்கள் மணிக்கு 40 என்ற கணக்கில் சீராக வருவதில்லை. ஐந்து பேர் ஒன்றாக வருவார்கள், பிறகு பத்து நிமிடம் யாரும் வரமாட்டார்கள். தொலைபேசி இணைப்பகங்களில் எத்தனை கம்பித்தடங்கள் வேண்டும் என்ற இதே கேள்விக்கு டென்மார்க்கின் ஏ. கே. எர்லாங் 1917இல் கொடுத்த இழப்பு வாய்பாடு (எல்லாத் தடங்களும் நிறைந்திருப்பதால் எத்தனை பேருக்கு இடம் கிடைக்காது என்று சொல்வது) இங்கே அப்படியே பொருந்துகிறது. தடத்தின் இடத்தில் கண்காணிப்பு எண். அழைப்பு நீளும் நேரத்தின் இடத்தில் எண் காத்துவைக்கப்படும் நேரம். சராசரித் தேவை 22 ஆக இருக்கும்போது:

8 எண்கள் இருந்தால், வருபவர்களில் ஏறத்தாழ 66 விழுக்காட்டினருக்குத் தனி எண் கிடைக்காது.
22 எண்கள் இருந்தால், சுமார் 15 விழுக்காட்டினருக்குக் கிடைக்காது.
32 எண்கள் இருந்தால், சுமார் 1 விழுக்காட்டினருக்குக் கிடைக்காது.

காத்துவைக்கும் நேரம் எல்லோருக்கும் ஒரே அளவாக இருந்தாலும், ஆளுக்கு ஆள் மாறினாலும் இந்த வாய்பாடு மாறுவதில்லை. சராசரி மட்டும் தெரிந்தால் போதும். வருகை தற்செயலாக நிகழ்கிறது என்ற அனுமானம்தான் முக்கியம். ஆயிரக்கணக்கானவர்களுக்கு ஒரே நொடியில் மின்னஞ்சல் அனுப்பும் நாளில் அந்த அனுமானமும் இந்தக் கணக்கும் சேர்ந்தே உடையும்.

ஜூன் 3, இரவு

சொல்லாமல் விட்ட ஒன்று. எண்கள் தீர்ந்துபோனால் என்ன நடக்கும் என்பதை விற்பனையாளரிடம் எழுத்து வடிவில் கேட்டு வாங்குங்கள். நேர்மையான வழி, மீதிப்பேருக்கு உண்மையான எண்ணையே காட்டி, அந்த அழைப்புகளை "தெரியாதவை" என்று விட்டுவிடுவது. இன்னொரு வழி, ஏற்கெனவே ஒருவர் பெயரில் இருக்கும் எண்ணை இரண்டாமவருக்கும் காட்டி, அழைப்பு வந்தால் கடைசியாக யார் பார்த்தாரோ அவர் தலையில் கட்டுவது. இரண்டாவது வழியில் அறிக்கை மிக அழகாக இருக்கும்; தெரியாதவை என்ற பத்தியே இருக்காது. நான் பார்த்த ஒரு சேவையில் இப்படித்தான் நடந்துகொண்டிருந்தது. எண்களின் எண்ணிக்கையைப் பாதியாகக் குறைத்த பிறகும் பொருத்தப்பட்ட அழைப்புகளின் விழுக்காடு அசையாமல் நின்றதைக் கண்டுதான் எனக்குச் சந்தேகம் வந்தது. அசைய வேண்டிய ஓர் அளவு அசையாமல் நிற்பதும் ஒரு தகவல்தான்.

ஜூன் 5

30 நிமிடம் என்பது எங்கிருந்து வந்தது என்று ஒருவர் கேட்டிருக்கிறார். இணையப் பகுப்பாய்வுக் கருவிகளில் ஓர் அமர்வு, அதாவது ஒருவரின் ஒரு தடவை வருகை, முடிந்ததாகக் கொள்ளும் இயல்புநிலை இடைவெளி 30 நிமிடம். அதை அப்படியே எடுத்துக்கொண்டுவிட்டார்கள் என்பதைத் தவிர வேறு தத்துவம் எதுவும் இல்லை. மனிதர் எவ்வளவு நேரம் கழித்துத் தொலைபேசியை எடுக்கிறார் என்பதற்கும் அதற்கும் தொடர்பில்லை.

உங்கள் தளத்துக்கு ஏற்ற நேரத்தை உங்கள் பதிவேட்டிலிருந்தே எடுக்கலாம். சில வாரங்களுக்கு வேண்டிய அளவு எண்களை வைத்து, காத்துவைக்கும் நேரத்தைத் தாராளமாக நீட்டி, கடைசியாகப் பக்கம் தெரிந்த நேரத்துக்கும் அழைப்பு வந்த நேரத்துக்கும் இடையிலான இடைவெளியை ஒவ்வோர் அழைப்புக்கும் குறித்துவாருங்கள். கைபேசியில் பார்ப்பவரையும் கணினியில் பார்ப்பவரையும் பிரித்து வரைந்தால் இரண்டும் வெவ்வேறு வடிவத்தில் வரும். கைபேசிக்காரர் பார்த்த கையோடு தொடுகிறார். கணினிக்காரருக்கு எண்ணைக் குறித்துக்கொள்ளும் வழக்கம் இருப்பதால் அவருடைய இடைவெளி வெகுநேரம் வரை நீளும். இரண்டு சாதனங்களுக்கும் இரண்டு நேரங்களை வைத்தாலே கணிசமான எண்கள் மிச்சமாகும்.

ஜூன் 5, இரவு

மேலே "கடைசியாகப் பக்கம் தெரிந்த நேரம்" என்று எளிதாக எழுதிவிட்டேன். அதை அறிவது அவ்வளவு எளிதன்று. பக்கம் திறந்திருக்கும் வரை துணுக்கு சில நொடிகளுக்கு ஒருமுறை சர்வருக்கு ஒரு துடிப்பை அனுப்பும். துடிப்பு நின்றால் ஆள் போய்விட்டார் என்று பொருள் கொள்வார்கள். ஆனால் கைபேசியில் ஒருவர் எண்ணைத் தொட்டவுடன் என்ன நடக்கிறது என்று பாருங்கள்: அழைக்கும் செயலி முன்னால் வருகிறது, உலாவி பின்னால் தள்ளப்படுகிறது, துடிப்பு நிற்கிறது. அதாவது அவர் நம்மோடு பேசத் தொடங்கும் அதே நொடியில் "போய்விட்டார்" என்று பதிவாகிறது. காத்துவைக்கும் நேரத்தைச் சுருக்கிச் சுருக்கி எண்களை மிச்சம் பிடிக்க நினைப்பவர்கள் இந்த இடத்தில்தான் அடிபடுகிறார்கள். முதல் அழைப்பில் இணைப்பு கிடைக்காமல் ஐந்து நிமிடம் கழித்து அவர் மீண்டும் அழைப்பதற்குள் எண் இன்னொருவர் திரைக்குப் போயிருக்கும்.

கணினியில் சிக்கல் நேரெதிர். இருபது தாவல்களைத் திறந்துவைத்துவிட்டு உறங்கப் போகிறவரின் பக்கம் இரவெல்லாம் துடித்துக்கொண்டிருக்கும். ஓர் எண் அவரிடம் முடங்கிக் கிடக்கும். பக்கம் கண்ணுக்குத் தெரிகிறதா மறைந்திருக்கிறதா என்பதை உலாவியே துணுக்குக்குச் சொல்லும். அதைக் கேட்டு, மறைந்த பக்கத்தின் துடிப்பைக் கணக்கில் சேர்க்காமல் விடலாம். அவர் காலையில் தாவலுக்குத் திரும்பும்போது பழைய எண் இன்னும் அவர் பெயரில்தான் இருக்கிறதா என்று துணுக்கு மறுபடி கேட்டாக வேண்டும். கேட்காத துணுக்குகளைக் கண்டிருக்கிறேன்.

ஜூன் 6

ரோபாட்டுகளை மறந்துவிட்டோம். ஜாவாஸ்கிரிப்டை ஓட்டும் தேடுபொறிகளின் தானியங்கி நிரல்களும் பிற தானியங்கிகளும் ஒவ்வொன்றும் ஓர் எண்ணை வாங்கிக்கொண்டு போகும். தொலைபேசியில் ஒரு வார்த்தையும் பேசாது. விளம்பரத்தைச் சொடுக்கியதைக் காட்டும் அடையாளம் முகவரியில் ஒட்டிவருபவர்களுக்கு மட்டும் எண்ணை ஒதுக்கினால் பெரும்பகுதி அடங்கும்.

ஜூன் 8

பொருத்தம் எப்படிப் பிசகுகிறது என்று கேட்டவர்களுக்காக ஒரு பதிவை, அடையாளங்களை நீக்கி, வரிவரியாக எழுதுகிறேன்.

முற்பகல் 10:58, 07 என்று முடியும் எண் முதல் வருகையாளருக்கு ஒதுக்கப்படுகிறது. கணினி. விலைப் பட்டியல் பக்கத்தையும் நிறுவும் முறையைப் பற்றிய பக்கத்தையும் பார்க்கிறார். 11:09, கடைசித் துடிப்பு. 11:39, காத்துவைக்கும் 30 நிமிடம் முடிந்து எண் தொகுப்புக்குத் திரும்புகிறது. 11:41:50, அதே எண் இரண்டாம் வருகையாளருக்குப் போகிறது. கைபேசி. முகப்புப் பக்கம் மட்டும். 11:42:17, அந்த எண்ணுக்கு அழைப்பு வருகிறது.

பதிவேட்டின் தீர்ப்பு: இரண்டாமவர். அவர் சொடுக்கிய விளம்பரத்துக்கு வெற்றிக்கணக்கு எழுதப்பட்டுவிட்டது. ஆனால் அவர் எண்ணைப் பார்த்து 27 நொடிதான் ஆகியிருந்தது. கைபேசியில் பார்த்தவராக இருந்தும், எண்ணைத் தொட்ட நிகழ்வு எதுவும் பதிவாகவில்லை. பேச்சின் ஒலிப்பதிவில் அழைத்தவர் எடுத்த எடுப்பிலேயே நிறுவும் கட்டணம் தனியா சேர்ந்ததா என்று கேட்கிறார். அந்தக் கேள்வியை எழுப்பும் பக்கத்தைப் பார்த்தவர் முதலாமவர்தான். 33 நிமிடம் யோசித்துவிட்டு அழைத்திருக்கிறார். நாம் 30 நிமிடம்தான் பொறுத்தோம். குடிபோனவருக்கு வரும் கடிதத்தைப் புதிதாகக் குடிவந்தவர் பிரித்துப் படித்த கதை இது.

ஒலிப்பதிவைக் கேட்டதால் இது தெரிந்தது. அறிக்கையில் இந்த அழைப்பும், சந்தேகமே இல்லாத நூறு அழைப்புகளும் ஒரே எழுத்தில், ஒரே நிறத்தில், ஒரே வரிசையில் நிற்கின்றன. என் முறையீடு முழுவதும் அதைப் பற்றித்தான்.

ஜூன் 9

மேலே உள்ள பதிவில் ஒருவர் நல்ல கேள்வியை எழுப்பியிருக்கிறார். 11:39க்குத் திரும்பிய எண்ணை 11:41க்கே ஏன் வெளியே கொடுத்தார்கள், வேறு எண்கள் சும்மா இருக்கவில்லையா?

இருந்தன. திரும்பி வந்த எண்ணை அடுக்கின் மேலே வைத்து, அடுத்து வருபவருக்கு மேலே இருப்பதை எடுத்துக் கொடுக்கும்படி நிரல் எழுதப்பட்டிருந்தால் இப்படித்தான் ஆகும். சூடு ஆறாத எண்ணே திரும்பத் திரும்ப வெளியே போகும். அடியில் இருக்கும் எண்கள் வாடகை மட்டும் தின்றுகொண்டு படுத்திருக்கும். மாறாக, எது வெகுநேரமாகச் சும்மா இருக்கிறதோ அதை முதலில் கொடுக்கும்படி மாற்றினால், ஒரு புதிய எண்ணைக்கூட வாங்காமல் ஒவ்வோர் எண்ணுக்கும் இயல்பாகவே ஓர் ஓய்வு கிடைக்கும். நெரிசல் குறைந்த நேரங்களில் அந்த ஓய்வு மணிக்கணக்கில் நீளும். இந்த இழையில் நான் எழுதியவற்றில் ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்வதாக இருந்தால் இதை எடுத்துக்கொள்ளுங்கள். செலவில்லாத திருத்தம் இது ஒன்றுதான்.

ஜூன் 9, இரவு

தவறான பொருத்தங்கள் எத்தனை விழுக்காடு என்பதை ஒவ்வோர் ஒலிப்பதிவாகக் கேட்காமலேயே மதிப்பிட ஒரு வழி இருக்கிறது. எண் யார் பெயரிலும் இல்லாமல் சும்மா இருக்கும்போதும் அதற்கு அழைப்புகள் வரும்: முன்பு பார்த்தவர் தாமதமாக அழைப்பது, தொடர்புகளில் சேமித்துவைத்தவர் பல மாதம் கழித்து அழைப்பது, தவறிய எண், தானியங்கி விற்பனை அழைப்புகள். இவற்றை வழிதவறியவை என்று அழைப்போம். வழிதவறியவைக்கு எண் இப்போது யாரிடம் இருக்கிறது என்று தெரியாது. எனவே எண்கள் தம் நேரத்தில் பாதியைச் சும்மா கழித்து, அந்தப் பாதியில் 6 வழிதவறிய அழைப்புகள் வந்திருந்தால், ஒதுக்கப்பட்டிருந்த மறுபாதியிலும் ஏறத்தாழ 6 வந்திருக்கும் என்று எதிர்பார்க்கலாம். அந்த 6 அழைப்புகளும் சத்தமில்லாமல் யாரோ ஒரு வருகையாளரின் கணக்கில் ஏறியிருக்கும். பொருத்தப்பட்டவை 100 என்றால் அவற்றில் 6 பொய்.

சும்மா இருந்த எண்ணுக்கு வந்த அழைப்புகளைப் பல சேவைகள் அறிக்கையிலிருந்தே நீக்கிவிடுகின்றன, வாடிக்கையாளரைக் குழப்பக் கூடாதாம். அவற்றைக் கேட்டு வாங்குங்கள்.

ஜூன் 12

"எண்ணைத் தொட்ட நிகழ்வை மட்டும் பதிவுசெய்தால் போதுமே, இத்தனை எண்கள் எதற்கு?" என்ற எதிர்வாதம் வந்திருக்கிறது. பாதி நியாயம் இருக்கிறது. தொட்ட நொடிக்கும் அழைப்பு வந்த நொடிக்கும் இடையே சில நொடிகள்தான் இருக்கும் என்பதால், அழைப்புகள் குறைவாக வரும் தளத்தில் ஒரே ஒரு எண்ணை வைத்துக்கொண்டு நேரத்தை மட்டும் பார்த்தே பொருத்திவிடலாம்.

மறுபாதி: தொடுவது அழைப்பாகாது. தொட்டதும் "அழைக்கவா?" என்று கைபேசி கேட்கும்போது வேண்டாமென்று திரும்புபவர்கள் பலர், தொட்ட நிகழ்வுகளை அழைப்புகளாக எண்ணும் அறிக்கைகள் உப்பிப்போவது இதனால்தான். அதைவிட முக்கியமாக, கணினித் திரையில் பார்த்துக் கைபேசியில் எண்களை அழுத்துபவர் எந்தத் தொடு நிகழ்வையும் விட்டுச்செல்வதில்லை. கண்காணிப்பு எண் ஒன்றுதான் அவரைப் பிடிக்கும். ஒரு சாதனத்திலிருந்து இன்னொரு சாதனத்துக்கு மனிதர் தம் கண்ணாலும் விரலாலும் சுமந்துசெல்லும் அடையாளம் அது.

இரண்டையும் சேர்த்துவைப்பதே என் பரிந்துரை. எண் பொருந்தி, தொடு நிகழ்வும் சில நொடிகளுக்கு முன் இருந்தால் முதல் தரம். எண் பொருந்தி, கணினி வருகையாக இருந்தால் இரண்டாம் தரம். எண் பொருந்தியும், கைபேசி வருகையாக இருந்தும், தொடு நிகழ்வு இல்லையென்றால் அது சந்தேகத்துக்குரியது. ஜூன் 8 பதிவு இந்த வகை.

ஜூன் 13

திரும்ப அழைப்பவரை அவருடைய எண்ணை வைத்துக் கண்டுபிடிக்கலாமே என்றால், தாராளமாகச் செய்யலாம், செய்யவும் வேண்டும். முதல் அழைப்பில் பொருந்தியவர் அடுத்த மாதம் அதே கைபேசியிலிருந்து அழைத்தால், ஒதுக்கீட்டுப் பதிவேட்டைப் பார்ப்பதற்கு முன்பே அவரை அடையாளம் கண்டுவிடலாம். இரண்டு எச்சரிக்கைகள் மட்டும். ஓர் அலுவலகத்தின் நூறு பேரும் வெளியே அழைக்கும்போது ஒரே எண் தெரியலாம். அடுத்தது, எண்ணை மறைத்து அழைப்பவர்களின் எண்ணுக்குப் பதிலாக "அநாமதேயம்" என்ற ஒரே சொல் வந்து நிற்கும். அந்தச் சொல்லையும் ஓர் எண்ணாகக் கருதி இணைக்கும் நிரல், மறைத்து அழைத்த அத்தனை பேரையும் ஒரே ஆளாக்கிவிடும். அப்படிப் பிறந்த ஒரு வாடிக்கையாளரை ஓர் அறிக்கையின் முதலிடத்தில் பார்த்திருக்கிறேன்: நாள் தவறாமல் அழைக்கிறார், நள்ளிரவிலும் அழைக்கிறார், எல்லா விளம்பரங்களையும் சொடுக்கியிருக்கிறார், ஆணாகவும் பெண்ணாகவும் பேசுகிறார். அவருக்குச் சிறப்புத் தள்ளுபடி தரலாமா என்றுகூட ஒரு கூட்டத்தில் பேச்சு எழுந்தது.

ஜூன் 17

ஜூன் 9 இரவு எழுதிய மதிப்பீட்டை அதே கணக்கோடு எடுத்துச்சென்று யாரும் வாதிட வேண்டாம்; அதற்கு இரண்டு பக்கமும் சாய்வு உண்டு. தாமதமாக அழைப்பவர்கள் எண் விடுபட்ட உடனே வரும் நிமிடங்களில்தான் குவிகிறார்கள், அந்த நிமிடங்களில் எண் சும்மா இருக்கும். ஆகவே சும்மா இருக்கும் நேரத்தின் வீதம் உண்மையைவிடக் கூடுதலாகத் தெரியும். மறுபுறம், எண்கள் பெரும்பாலும் இரவில் சும்மா இருக்கின்றன, வழிதவறிய அழைப்புகளோ பகலில் வருகின்றன. இந்த வகையில் அதே வீதம் குறைவாகத் தெரியும். பகலை மணிவாரியாகப் பிரித்து, எண் விடுபட்டு எவ்வளவு நேரம் ஆனது என்பதையும் சேர்த்துக் கணக்கிட்டால் இரண்டு சாய்வும் பெருமளவு நீங்கும்.

இதற்கு ஒரு துணை ஏற்பாடு: தொகுப்போடு வாங்கிய எண்களில் ஒன்றிரண்டை எங்குமே காட்டாமல் வைத்திருங்கள். அவற்றுக்கு வருவதெல்லாம் குப்பை மட்டுமே. குப்பையின் அளவு என்ன என்பதற்கு அதைவிடச் சுத்தமான அளவுகோல் கிடையாது. ஓர் எண்ணை முன்பு வேறொருவர் வைத்திருந்து கைவிட்டிருந்தால், அவருடைய உறவினர்களும் கடன்காரர்களும் அழைப்பதும் முதல் சில நாட்களிலேயே தெரிந்துவிடும். அந்த எண்ணைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வேறு வாங்கலாம்.

ஜூன் 20

பொருத்தியதைப் பிற கருவிகளுக்கு எப்படிக் கொடுப்பது என்ற கேள்விக்குச் சுருக்கமாக.

கூகுள் விளம்பரத்தைச் சொடுக்கி வருபவரின் முகவரியில் ஜிசிஎல்ஐடி என்ற சொடுக்கு அடையாளம் ஒட்டிக்கொண்டு வரும். துணுக்கு அதை வருகையாளரின் பதிவில் சேமிக்கிறது. அழைப்பு பொருந்தியதும் அந்த அடையாளத்தையும் நேரத்தையும் கூகுளின் விளம்பரச் சேவையான கூகுள் ஆட்ஸுக்குத் திருப்பி அனுப்புகிறார்கள். சொடுக்கி 90 நாட்களுக்கு மேல் ஆகிவிட்டால் அது ஏற்றுக்கொள்ளாது. இணையப் பகுப்பாய்வுக் கருவியான கூகுள் அனலிட்டிக்ஸ் 4க்கு சர்வரிலிருந்து நிகழ்வை அனுப்பும்போது 72 மணி நேரம் வரைதான் பின்தேதியிட முடியும். ஒலிப்பதிவைக் கேட்டுத் தரம் பிரித்த பிறகு அனுப்பலாம் என்று வாரக் கணக்கில் தள்ளிப்போட்டால் வாசல் மூடிவிடும். அழைத்தவரின் தொலைபேசி எண்ணைப் பகுப்பாய்வுக் கருவிக்குள் அனுப்பவே கூடாது. ஆளை அடையாளம் காட்டும் தகவலை அனுப்ப அதன் விதிகள் அனுமதிப்பதில்லை. உலாவியின் அடையாளமும் அமர்வின் அடையாளமும் போதும்.

சஃபாரி பயன்படுத்துபவர்களின் விஷயத்தில் இன்னொரு கசிவு. 2019 முதல் அந்த உலாவி, ஜாவாஸ்கிரிப்ட் எழுதும் குக்கீகளை 7 நாட்களுக்கு மேல் வைத்திருப்பதில்லை. இன்று விளம்பரத்தைச் சொடுக்கி வந்து, பத்து நாள் கழித்து முகவரியைத் தட்டி வந்து அழைப்பவர், புதியவராகவே தெரிவார். அழைப்பு சரியான வருகைக்குப் பொருந்தியிருக்கும். அந்த வருகைக்குப் பின்னால் இருந்த விளம்பரம் மட்டும் காணாமல் போயிருக்கும்.

இன்னொன்று, 60 நொடிக்கு மேல் பேசினால்தான் அழைப்பு என்று எண்ணும் இயல்புநிலை அமைப்பு கூகுள் ஆட்ஸில் இருக்கிறது. காத்திருப்பு இசையைக் கேட்டு 70 நொடியில் வைத்துவிடுபவரும் அந்தக் கணக்கில் வெற்றிதான்.

ஜூன் 21

பக்கத்தைச் சரிபார்க்கும்போது கண்ணில் படாமல் தப்புபவை: படமாகப் போடப்பட்ட எண், துணுக்கு அதைத் தொட முடியாது. திரையில் மாறி, இணைப்புக்குள் மாறாமல் நின்ற எண். முன்பக்கம் பின்பக்கம் என்று போகும்போது உலாவி தன் நினைவிலிருந்து பழைய எண்ணோடு எழுப்பிக் காட்டும் பக்கம். எல்லாவற்றையும்விட மோசமானது, சர்வரிலேயே எண்ணை மாற்றி எழுதிய பக்கத்தை, பக்கங்களின் நகலை வைத்துத் தரும் இடைநிலைச் சேமிப்பகம் பிடித்துவைத்துக்கொண்டு, ஒருவருக்கான எண்ணை ஊருக்கெல்லாம் பரிமாறுவது. அந்த நாளின் அறிக்கையில் ஒரே வருகையாளர் காலையிலிருந்து மாலை வரை அழைத்துக்கொண்டே இருப்பார். ஜூன் 13 அன்று சொன்ன விசுவாசமான வாடிக்கையாளருக்கு அவர் தம்பி முறை.

ஜூன் 26

எண்களே வேண்டாம், ஒரே எண்ணின் அருகில் நான்கு இலக்கக் குறியீட்டைக் காட்டி, அழைப்பவரிடம் அதைக் கேட்டு வாங்கலாம் என்று யோசனை சொன்னவருக்கு: கணக்கின்படி இது மிகச் சிறந்தது, நான்கு இலக்கங்களில் 10,000 பேரைப் பிரிக்கலாம், எண் தீர்ந்துபோகும் கவலை இல்லை. ஆனால் அழைப்பவர் தம் வேலையாக அழைக்கிறார். நம் அளவீட்டுக்காக அவரிடம் ஒரு தேர்வு வைக்கிறோம். பேசுபவர் கேட்க மறப்பார், கேட்டாலும் பக்கத்தை மூடிவிட்டேன் என்று பதில் வரும். உதவி மையங்களில், அழைப்பவர் ஏற்கெனவே திரையின் முன் அமர்ந்திருக்கும் இடங்களில், இது நன்றாக வேலை செய்வதைக் கண்டிருக்கிறேன். விற்பனை அழைப்புகளில் கண்டதில்லை.

தொடும் இணைப்பில் எண்ணுக்குப் பின் காற்புள்ளியும் குறியீடும் சேர்த்து, கைபேசியே அதை அழுத்தும்படி செய்யலாம். பல கைபேசிகள் காற்புள்ளியைச் சிறு இடைநிறுத்தமாக எடுத்துக்கொள்கின்றன. ஆனால் தொலைபேசி இணைப்புகளுக்கான ஆர்.எஃப்.சி. 3966 தரத்தின் இலக்கணத்தில் அதற்கு இடமில்லை என்பதால் எல்லாக் கைபேசிகளிலும் நடக்கும் என்று நம்பி இறங்க முடியாது.

ஜூலை 1

முதல் கேள்வியைக் கேட்டவர் 32 எண்களின் வாடகையைக் கணக்குப் பார்த்துவிட்டு, குறைக்க வழி உண்டா என்று கேட்டிருக்கிறார். உண்டு. ஆள்வாரியாகப் பிரிக்க வேண்டியவர்கள், எந்தத் தேடுசொல், எந்த விளம்பரம் என்ற அளவுக்குப் பணத்தை நகர்த்தப்போகும் விளம்பரங்களிலிருந்து வருபவர்கள் மட்டுமே. மற்ற வழிகளுக்கு வழிக்கு ஒன்றாக நிலையான எண் போதும். அங்கே "எந்த வழி" என்பதுதான் கேள்வி, அதற்குத் தொகுப்பும் சுழற்சியும் தேவையில்லை. கூகுளில் உள்ள நிறுவன விவரப் பக்கத்தில் கண்காணிப்பு எண்ணை முதன்மை எண்ணாகவும் உண்மையான எண்ணைக் கூடுதல் எண்ணாகவும் போடலாம். கணினிக்கும் கைபேசிக்கும் காத்துவைக்கும் நேரத்தைப் பிரித்தால் 32 இன்னும் இறங்கும்; எவ்வளவு என்பதை உங்கள் பதிவேடுதான் சொல்லும்.

அவர் விற்பனையாளரிடம் கேட்க வேண்டியவற்றையும் கேட்டிருந்தார். ஒவ்வோர் அழைப்பு வரியிலும் நான்கு கூடுதல் நெடுவரிசைகள் வேண்டும்: பொருத்தப்பட்டவர் பக்கத்தைக் கடைசியாகப் பார்த்த நேரம், தொடு நிகழ்வு இருந்ததா, அந்த எண்ணுக்கு முன்பு உரியவராக இருந்தவர் யார், அவரிடமிருந்து எண் எப்போது விடுபட்டது. இந்த நான்கும் சர்வரின் பதிவேட்டில் ஏற்கெனவே இருப்பவை; புதிதாக எதையும் அளக்கச் சொல்லவில்லை. ஒப்பந்தத்துக்கு முன் ஒரு நாளின் மாதிரியை இந்த நெடுவரிசைகளோடு வாங்கிப் பாருங்கள். முடிந்தால் இங்கே அடையாளங்களை நீக்கிவிட்டுப் பகிருங்கள், சேர்ந்து பார்ப்போம்.